உத்தரத்தில் வெள்ளை விசிறி

பாலிஷ்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் ஐம்பது வருஷத்தைக் கவலைப்பட்டே கழித்தவர். மீதி இரண்டு வருஷம் பேச்சு வராத குழந்தையாக இருந்ததால், அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். "அந்தப் பூட்டு திருடனால கெடாது, உங்களாலதான் கெடும்" என்பாள் மனைவி. அவள் சொல்லிவிட்டாளே என்று அதற்கும் ஒரு நாள் கவலைப்பட்டார்.

இப்போது அவர் பாலிஷ் போடுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் கதவு, மேஜை, அலமாரி, மாடிப்படிக் கைப்பிடி என்று கண்ணில் பட்ட மரத்துக்கெல்லாம் உப்புத்தாள் தேய்த்து, மெருகு ஏற்றி, நீர் படாமல், பூச்சி அரிக்காமல், பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். மரம் பிழைத்தது, அவருடைய நெஞ்சுதான் கெட்டது. மெருகில் கலக்கும் தின்னர் வாடை பட்டாலே மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. இனிமேல் அந்த டப்பாவைத் திறந்தால் அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் வாயுக் கூடத்து வேலை. ஊரில் வெட்டிப்போட்ட கிளைகள், மர அறுப்பு மில்லில் மிஞ்சிய ஓரப் பட்டைகள் எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றை அரைத்துச் சில்லாக்கி, சாணிக் கரைசலோடு பெரிய தொட்டியில் மூடி வைத்தால் எரிவாயு வரும்; அந்த வாயு பக்கத்து பேக்கரியின் அடுப்புகளுக்குப் போகும். சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் மரச்சில்லை அப்படியே தொட்டியில் கொட்டினால் அது வருஷக்கணக்கில் கல்லைப் போலக் கிடக்கும். மரத்துக்குள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பசை இருக்கிறது. தொட்டியில் இருக்கும் கிருமிகளுக்கு அந்தப் பசையைக் கடிக்கப் பல் கிடையாது. அதைத் தின்னத் தெரிந்த ஒரே ஆள் வெள்ளைப் பூஞ்சை.

அதனால் சில்லுகளை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பூஞ்சையின் தாய்வித்தைக் கலந்து, பைகளில் கட்டி இருட்டறை அடுக்குகளில் வைப்பார்கள். இருபத்தெட்டு நாள். வெள்ளை நூல் பை முழுவதும் படர்ந்துவிடும். பிறகு ஒரு சில்லை எடுத்து விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். அந்தப் பதத்தில் தொட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். நாலு நாள் தாமதித்தால் பூஞ்சை பசையைத் தின்று முடித்துவிட்டு, வாயுவுக்காக வைத்திருக்கும் சத்தையும் தின்னத் தொடங்கிவிடும். பந்தி பரிமாற வந்தவனே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்ட கதைதான் அப்புறம்.

இருட்டறைக்குப் பொறுப்பு பாலிஷ்காரர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாள் எண்ணுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். கூடத்தை நடத்தும் பெண்மணி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். "மத்தவங்க இருபத்தெட்டாம் நாள் பையைத் திறப்பாங்க. அண்ணா இருபதாம் நாளே கனவுல திறந்து பார்த்துடுவாரு" என்று அவர் சொல்வதுண்டு. பாலிஷ்காரர் சிரிப்பார். உண்மையில் அவர் கனவில் திறந்து பார்த்திருக்கிறார். பச்சையாக இருந்தது.

அவருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, இந்த வேலையைக் கண்டாலே இளக்காரம். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அடுப்படியில் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். வீடு அவருடையது. பழைய வீடு. கீழே அவர் இருக்கிறார், மாடியைத் தங்கைக்கு விட்டிருக்கிறார். "இருபது வருஷம் மரத்தைக் காப்பாத்தினீங்க. இப்ப அதை அழுக வைக்கிறதுக்கு வேலையா? நல்ல முன்னேற்றம் மாப்பிள்ளை" என்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

அவர் வாயை அடைத்தது ஒரு சான்றிதழ்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், நல்ல குளிர்காலத்தில், கூடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி வெடித்து நாலு நாள் கரண்ட் இல்லை. வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டிய தாய்வித்து ஜாடிகள் குளிரில் விறைக்கத் தொடங்கின. தாய்வித்து போனால் எல்லாம் போயிற்று; புதிதாக உண்டாக்க மாதங்கள் ஆகும். டாக்டரம்மா வெளியூரில் இருந்தார். "எப்படியாவது தாயைக் காப்பாத்துங்கண்ணா" என்று போனில் சொல்லிவிட்டார். எப்படி என்று சொல்லவில்லை. பாலிஷ்காரர் ஒரு ஜாடியைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இருட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: உள்ளே வந்தது எதுவும் வெளியே போகக்கூடாது. எழுதியது அவரேதான். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மாடியில் உள் அறையில் ஒரு பரண் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு இருப்பதால் பரண் எப்போதும் கதகதப்பாக இருக்கும். பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஜாடியை ஒளித்து வைத்தார். மனைவிக்கும் சொல்லவில்லை, பதினாலு வயது மகளுக்கும் சொல்லவில்லை. நாலு நாளும் தாய் பிழைத்தது. கூடத்தில் மட்டும், வெந்நீர் டிரம்முக்குள் வைத்துக் காப்பாற்றியதாகச் சொன்னார். டாக்டரம்மா கண்கலங்கி ஒரு பாராட்டுச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தார். அதை மனைவி கண்ணாடிச் சட்டம் போட்டு, பரணுக்கு நேர் கீழே மாட்டினாள். அதிலிருந்து மச்சானும் ஒரு மாதிரி அடங்கிவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது ஜாடியின் வாயை அடைத்திருந்த பஞ்சு பரணில் விழுந்து கிடந்தது. எலியின் வேலையாக இருக்கும். வேறு பஞ்சை வைத்து அடைத்தார். ஜாடி எத்தனை மணி நேரம் திறந்து கிடந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஐந்து மாதம் அதை மறந்தே போயிருந்தார். அவர் மறந்த ஒரே கவலை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளுடைய பழைய பாடப் புத்தகத்தை எடுப்பதற்காக ஸ்டூலில் ஏறிப் பரணில் டிரங்குப் பெட்டியை நகர்த்தினார். பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒட்டடை என்று நினைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். கூரையைத் தாங்கும் உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில், கை அகலத்துக்கு, விசிறி விரித்த மாதிரி வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தன. தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற நூல். அவருக்கா அடையாளம் தெரியாது? கட்டைவிரலால் உத்தரத்தை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

ஸ்டூலிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார். அந்த உத்தரத்துக்கு மேலே மொட்டை மாடி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. உத்தரத்துக்குக் கீழே மகளுடைய கட்டில்.

சில்லு வேறு, உத்தரம் வேறு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சில்லு ஊறி வெந்தது, உத்தரம் முழு மரம், ஐந்து மாதத்தில் இவ்வளவு உளுத்துப்போகுமா என்று அறிவு ஒரு பக்கம் கேட்டது. நாலு வாரத்தில் ஒரு பை உளுக்கும்போது ஐந்து மாதத்தில் ஓர் உத்தரம் ஏன் உளுக்காது என்று பயம் இன்னொரு பக்கம் கேட்டது. பயத்துக்கு எப்போதுமே குரல் கொஞ்சம் அதிகம்.

மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். மகள் தோழி வீட்டில் இருந்தாள். பாலிஷ்காரர் பழைய சாமான்களிலிருந்து ஒரு கெட்டி மரத்துண்டைத் தேடி எடுத்து, அளந்து அறுத்து, பரணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். சுத்தியலால் தட்டி இறுக்கினார். டிரங்குப் பெட்டியை முன்னால் இழுத்து மறைத்தார். அப்புறம் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி, பையோடு வந்து நின்று.

"படிக்கிற பொண்ணு. வெளிச்சம் வேணும்ல."

"ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் காது கேட்டுச்சா?" அவளுக்குச் சந்தோஷம். வீட்டிலேயே துணி தைப்பவள் அவள். பள்ளிச் சீருடைகள் மொத்தமாக வந்திருந்த சமயம். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷின் இருந்தது.

"இங்க எதுக்கு?"

"பிளக் பாயின்ட் இங்கதானே இருக்கு. இவ்வளவு நாளா ஹால்ல ஒயர் இழுத்துப் போட்டு எல்லாரும் தடுக்கி விழுந்தீங்களே."

"இருட்டா இருக்குமே."

"பல்பு மாட்டியாச்சு."

"காத்து வராது."

"காத்து வந்தா துணி பறக்கும்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன இப்ப?"

ஒன்றுமில்லை என்றார். முட்டுக் கொடுத்திருக்கிறேனே, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிடலாம்தான். சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பாள். ஜாடி வெளியே வரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் சான்றிதழ் பொய்யாகும். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போகும். மச்சானோ தெருவுக்கே கேட்கிற குரலில், மரத்தை அழுக வைக்கிற மாப்பிள்ளை என் வீட்டையே அழுக வைத்துவிட்டார் என்பார். அதுவும் உண்மையாகவே இருக்கும். அதை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு கூசியது.

ஆனால் உண்மைதானா? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது.

பையில் ஏதாவது சந்தேகமான வெள்ளை முளைத்தால், அது தங்கள் பூஞ்சையா வெளியாளா என்று பார்க்கக் கூடத்தில் ஒரு பரீட்சை உண்டு. சின்னக் கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி தீனி இருக்கும். ஒரு ஓரத்தில் தாய்வித்திலிருந்து ஒரு துணுக்கு, எதிர் ஓரத்தில் சந்தேகத் துணுக்கு. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வளரும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் நடுவில் கலந்து ஒரே வெள்ளையாகிவிடும். வேறு வேறு ஆளாக இருந்தால், சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு எழும்பும். பங்காளிகள் நடுவில் சுவர் எழுப்புகிற மாதிரி. ஏழு நாள் ஆகும்.

திங்கட்கிழமை காலையில், உத்தரத்திலிருந்து சுரண்டிய துணுக்கை மருந்துச் சீசாவில் போட்டுக் கொண்டுபோனார். வெளியே போனது உள்ளே வரக்கூடாது என்று சுவரில் எழுதவில்லையே என்று ஒரு சமாதானம். தட்டைத் தயார்செய்து, தேதியை மட்டும் எழுதி, அடுக்கின் பின்வரிசையில் வைத்தார்.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை இரண்டு துணுக்குகளும் சும்மா இருந்தன. புதன்கிழமை இரண்டைச் சுற்றியும் வெள்ளை வளையம் பூத்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் மெஷினின் சத்தம். அது ஓடினாலும் பயம், நின்றாலும் பயம். ஓடினால் அதிர்வு உத்தரத்துக்குப் போகுமோ என்று. நின்றால் ஏன் நின்றது என்று. சாப்பிட உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

"மேல என்ன பாக்கறீங்கப்பா?" என்றாள் மகள்.

"பல்லி."

"எங்க?"

"போயிடுச்சு."

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பாலிஷ்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னண்ணா, தேதி மட்டும் போட்டிருக்கு? ஜோடி வச்ச மாதிரி இருக்கே."

"குடோன் ஓரத்துல ஒரு பழைய மரச்சட்டம் கிடந்துச்சு மேடம். வெள்ளையா இருந்துச்சு. நம்மளுதான்னு பாக்கலாம்னு…" மென்று விழுங்கினார்.

டாக்டரம்மா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அடேங்கப்பா. நம்ம ஆளு இங்க வரைக்கும்தான் வந்திருக்காரு. இவரு பாதித் தட்டைத் தாண்டிட்டாரு. நல்ல தீனிக்காரர்தான்."

"நம்மளுதா மேடம்?"

"ரெண்டும் இன்னும் தொடலையே. திங்கட்கிழமை தெரியும். நம்மளுதாக்கூட இருக்கலாம், வெளியில போய் நல்லாத் தின்னு கொழுத்திருக்கலாம்." அவர் சிரித்தார். "எந்த மரத்துல இருந்துச்சோ, அந்த மரம் இந்நேரம் பிஸ்கட் ஆகியிருக்கும். எனக்கு அந்தச் சட்டத்தைக் காட்டுங்க."

"தூக்கிப் போட்டுட்டேன் மேடம்."

"அடடா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

பிஸ்கட். அந்த ஒரு வார்த்தை அவரோடு பஸ் ஏறியது, அவரோடு இறங்கியது. சனிக்கிழமை மனைவி பொத்தான் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் ஸ்டூலில் ஏறினார். டிரங்குப் பெட்டியை நகர்த்தி டார்ச் அடித்தார். முட்டு நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் அதன் தலை உத்தரத்துக்குள் ஒரு விரற்கடை புதைந்திருந்தது. மேலிருந்து சுமை இறங்கிக்கொண்டிருக்கிறது, முட்டு அசையவில்லை, நடுவில் இருக்கும் மரம்தான் வழிவிட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் மரத்தைத் தொட்ட கை. விளக்கிச் சொல்ல யாரும் வேண்டியதில்லை.

அப்போதே மாடியிலிருந்து இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்னும் இரண்டே நாள் என்று நினைத்தார். ஒரு வாரம் தாங்கியது இரண்டு நாள் தாங்காதா? திங்கட்கிழமை கோடு தெரிந்துவிட்டால், தலை நிமிர்ந்து சொல்லலாம். பெட்டியைப் பழையபடி இழுத்து மறைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்லவர்கள் சிலர் இப்படித்தான், தங்கள் பேரில் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டு அப்புறம் ஆபத்தைக் கவனிக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் பாலிஷ்காரர் போய் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க, எனக்கு வேலை இருக்கு."

"பொத்தான்தானே மிச்சம்? நான் தைக்கிறேன். நீ போய்ப் படு. முதுகு வலிக்குதுன்னு சொன்னேல்ல."

"உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"சொல்லிக் கொடு."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவர் அன்று முழுக்க அந்த உத்தரத்துக்குக் கீழே உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு, பொத்தான் தைத்தார். மேலே மரம் லேசாக முனகினாலும் ஊசி விரலில் ஏறியது. இருபது பொத்தான் கோணலாகப் போயிற்று. மகள் அதைப் போட்டோ எடுத்துத் தாய்மாமனிடம் காட்ட, கீழே மச்சான் சிரித்த சிரிப்பு மாடிக்குக் கேட்டது. சாயங்காலம் மனைவி வந்து அவர் தோளில் கை வைத்து, "போதும், விடுங்க. நாளைக்கு நான் பிரிச்சுத் தைச்சுக்கறேன்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு கனிவு இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் போவதற்கு முன்பே டாக்டரம்மா தட்டோடு காத்திருந்தார்.

"வாங்கண்ணா. உங்க விருந்தாளி கோடு போட்டுட்டாரு."

இரண்டு வெள்ளைகளுக்கும் நடுவில், பென்சிலால் இழுத்தது போல, பழுப்பாக ஒரு கோடு. இந்தப் பக்கம் தாய். அந்தப் பக்கம் யாரோ.

"நம்மளுது இல்லையா மேடம்? நிச்சயமா?"

"இதுக்கு மேல நிச்சயம் வேணும்னா சத்தியம்தான் பண்ணணும். இது எங்கேயோ ஈரத்துல, ரொம்ப வருஷமா இருந்து தின்ன பழைய ஆளு மாதிரி தெரியுது. ஏண்ணா, லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிறீங்க?"

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எட்டு நாளாகக் கழுத்தில் தொங்கிய கல்லைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. தலைகால் புரியவில்லை. உடம்பு சரியில்லை என்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லாதவன் நடக்காத வேகத்தில் நடந்து பஸ் பிடித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லப் போவதை ஒத்திகை பார்த்தார். எங்கள் பூஞ்சை இல்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருந்து வருஷக்கணக்காகக் கசிந்த ஈரம். என்னால் வந்தது இல்லை.

பதினாலு படியையும் இரண்டிரண்டாக ஏறினார். உள் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அவர் கோணலாகத் தைத்த பொத்தான்களைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்மளுது இல்ல" என்றார், மூச்சு வாங்க.

"எது?"

அவர் சொன்னார். ஒரே மூச்சில், குளிர்கால ஜாடி, விழுந்து கிடந்த பஞ்சு, வெள்ளை விசிறி, தட்டு, பழுப்புக் கோடு என்று எல்லாவற்றையும் கொட்டினார். "கோடு விழுந்துடுச்சு பாத்தியா. அப்படின்னா அது வேற ஆளு. நான் கொண்டுவந்தது இல்ல. ஒரு வாரமா நான் பட்ட பாடு…"

மனைவி மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அண்ணாந்து பரணைப் பார்த்தாள்.

"எந்த இடம்?"

"அந்தப் பெட்டிக்குப் பின்னால. உத்தரம் சுவத்துக்குள்ள போற இடம்."

"எவ்வளவு உளுத்திருக்கு?"

"விரல் போகுது." கொஞ்சம் நிறுத்தினார். "முட்டுக் கொடுத்திருக்கேன்."

"அது தாங்குதா?"

அவர் இரண்டு விரலால் ஒரு விரற்கடை அளவு காட்டினார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப, கட்டிலை நகர்த்தினது வெளிச்சத்துக்கு இல்ல."

"இல்ல."

"நேத்து பொத்தான் தைச்சது எனக்கு முதுகு வலின்னு இல்ல."

"நான் உக்காந்தா நீ உக்கார மாட்டேன்னுதான்…"

"நேத்து ஒரு நாள். மத்த ஏழு நாள்?" அவள் குரல் உயரவில்லை. மடித்து வைத்திருந்த சீருடைக் கட்டைக் கண்ணால் காட்டினாள். "நாப்பத்தோரு சட்டை. இதுக்குக் கீழ உக்காந்துதான் தைச்சேன். பொண்ணை நகர்த்தணும்னு உங்களுக்கு உடனே தோணிச்சு. என்னை நகர்த்த ஏன் தோணல?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த எட்டு நாளில் நன்றாகவே பழகியிருந்தார். ஆனால் வாயில் வந்தது உண்மைதான்.

"தோணிச்சு. அவ ஏன்னு கேக்க மாட்டா. நீ கேப்பே."

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவர் காதுக்கே எட்டியது. பஸ்ஸில் வந்த சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தட்டில் விழுந்த கோடு நினைவுக்கு வந்தது; யாருடைய பூஞ்சையாக இருந்தால்தான் என்ன, அவள் அதற்குக் கீழேதானே உட்கார்ந்திருந்தாள்.

மனைவி எழுந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரும்புக் கால்; ஒருத்தியால் தூக்க முடியாது. அவர் மறுபக்கத்தைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. இருவருமாகத் தூக்கி ஹாலில் வைத்தார்கள். அவள் திரும்ப வந்து, சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி, ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். உள் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அது அவருடைய பழக்கம், அவளுடையது இல்லை.

"பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள அண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

பதினாலு படி. ஏறும்போது ஏழாக இருந்தது, இறங்கும்போது பதினாலும் இருந்தது. ஒவ்வொரு படியிலும் பழைய ஒத்திகை வாயில் வந்து நின்றது. இது எங்கள் பூஞ்சை இல்லை மச்சான், பரீட்சை பண்ணிப் பார்த்துவிட்டேன், உங்கள் தொட்டியின் கசிவுதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதிலிருந்து தொடங்கினால் பாதித் திட்டு மிச்சமாகும்.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் தாளை மடித்தார். "என்ன மாப்பிள்ளை, இந்த நேரத்துல வீட்டுல? பொத்தான் ஏதாவது தைக்கணுமா?"

பாலிஷ்காரர் வாசற்படியில் நின்றார். மூச்சு லேசாக விசிலடித்தது.

"மச்சான், மாடி உத்தரம் உளுத்துப் போச்சு" என்றார். "எட்டு நாளா எனக்குத் தெரியும்."